புருனே போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

புருனேயின் தலைநகரான பண்டார் செரி பெகாவானில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அப்போதே சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யாராவது ஒருவர் போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். 2024 நவம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானம் தொடங்கிய பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் சில பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

புருனே எங்க இருக்கு? துபாய் பக்கமா?

இல்லை. துபாய்க்கு நேர் எதிர்த் திசை. சிங்கப்பூரையும் தாண்டிக் கிழக்கே போனால் போர்னியோ என்று ஒரு பெரிய தீவு வரும். அந்தத் தீவை மூன்று நாடுகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. தெற்கே பெரும்பகுதி இந்தோனேசியா, வடக்கே மலேசியாவின் சரவாக், சபா மாநிலங்கள். அந்த வடக்குக் கரையில் சரவாக்கின் நடுவே செருகி வைத்ததுபோல இருப்பதுதான் புருனே. பரப்பு 5,765 சதுர கிலோமீட்டர், அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தைப்போல மூன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மக்கள்தொகை ஏறத்தாழ நாலரை லட்சம். நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால்.

மக்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். இஸ்லாம் அரச மதம், ஆட்சி சுல்தானுடையது. பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்து 1984 ஜனவரி 1 அன்று முழு விடுதலை பெற்றது. 1929-ல் செரியா என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. நாட்டின் வரலாற்றையே மாற்றிய சம்பவம் அது. அங்கே இருக்கும் காட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வரைபடத்தைப் பார்த்தால் ஒன்று விளங்கும். நாடு இரண்டு துண்டாக இருக்கிறது. தலைநகர் இருக்கும் பெரிய துண்டு மேற்கே, தெம்புரோங் என்ற சின்னத் துண்டு கிழக்கே. நடுவில் சரவாக்கின் லிம்பாங் பகுதி. நாம் தேடிப் போகும் காடு அந்தச் சின்னத் துண்டில்தான் இருக்கிறது.

முஸ்லிம் நாடாச்சே, மத்தவங்க போகலாமா? பொண்ணுங்க தனியா போகலாமா?

தாராளமாகப் போகலாம். சீனர்களில் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். முஸ்லிம் அல்லாத பெண்கள் தலையை மூட வேண்டும் என்று பொதுவிடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். தோளும் முழங்காலும் மறைகிற உடை போதும். சுடிதார், சேலை எல்லாம் மிகப் பொருத்தம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை நான் இருந்த ஊர்களிலேயே மிக அமைதியான ஊர் அதுதான். என்னுடன் வேலை பார்த்த பெண்கள் இரவு பத்து மணிக்கு மேலும் தனியாகக் காரில் வீடு திரும்புவார்கள். உங்களுக்கு அங்கே சிக்கலாக இருக்கப் போவது தனிமைதான். எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் தெரு வெறிச்சோடிவிடும்.

விசா வேணுமா? போய் இறங்கி வாங்கிக்கலாமா?

இந்திய பாஸ்போர்ட் என்றால் கிளம்பும் முன்பே விசா வாங்கிவிடுங்கள். இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். புருனேயின் தூதரகம் புதுடில்லியில் இருக்கிறது. சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. எந்தப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் தூதரகத்தின் தற்போதைய விதியைப் படித்துவிடுங்கள், இவை மாறக்கூடியவை.

விசா தவிர இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை ஒன்றும் இருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு விமான நிலைய வரிசையில் நின்று போனில் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

எப்படிப் போறது? தரை வழியா போக முடியுமா?

சென்னையிலிருந்து ராயல் புருனே விமானத்தில் நேரடியாகப் போகலாம். எந்தெந்தக் கிழமைகளில் பறக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழி. ராயல் புருனேயில் மது தர மாட்டார்கள். விமானம் புறப்படும் முன் திரையில் பயணப் பிரார்த்தனை ஒலிக்கும். முதல் தடவை கேட்டபோது ஊர்ப் பேருந்து கிளம்பும் முன் ஓட்டுநர் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிடுவது எனக்கு ஞாபகம் வந்தது. இன்றும் எனக்குப் பிடித்த வழக்கம் அது.

தரை வழியும் உண்டு. சரவாக்கின் மிரி நகரிலிருந்து சாலை வழியே வரலாம். சபாவின் கோத்தா கினபாலுவிலிருந்து பேருந்தில் வந்தால் நாடு இரண்டு துண்டாக இருப்பதன் முழு அர்த்தமும் புரியும். சபா, சரவாக், புருனே என்று மாறி மாறி எல்லை வரும், ஒவ்வொன்றிலும் முத்திரை குத்துவார்கள். பாஸ்போர்ட்டில் காலிப் பக்கம் குறைவாக இருந்தால் அந்த வழியில் போகாதீர்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் மலேசியாவின் தற்போதைய நுழைவு விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாள்ல பாத்துடலாம்னு சொல்றாங்களே?

அப்படிச் சொல்கிறவர்கள் இரண்டு மசூதியையும் அரண்மனை வாசலையும் பார்த்துவிட்டு விமானம் ஏறியவர்கள். அந்த நாட்டின் ஆகப் பெரிய செல்வமான காட்டைப் பார்க்காமல் திரும்பி வந்து "அங்க ஒண்ணும் இல்லைப்பா" என்று சொல்வார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும்.

குறைந்தது மூன்று நாள் வையுங்கள், நாலு என்றால் நல்லது. முதல் நாள் தலைநகரும் நீர்க் கிராமமும், மாலையில் ஆற்றுப் படகு. இரண்டாம் நாள் விடிகாலையில் தெம்புரோங் கிளம்பி, இரவு அங்கேயே தங்குங்கள். இந்த ஒரு இரவை மட்டும் எதற்காகவும் வெட்டாதீர்கள். மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் நகரம் திரும்பலாம். நாலாம் நாள் இருந்தால் மேற்கே செரியா பக்கம் எண்ணெய் ஊரைப் பார்க்கலாம், அல்லது துத்தோங் மாவட்டத்தில் நாட்டின் மிகப் பெரிய ஏரியான தாசேக் மெரிம்புனுக்குப் போகலாம்.

பணம் மாத்துறது எப்படி? சிங்கப்பூர் டாலர் இருக்கு, செல்லுமா?

செல்லும். 1967 முதல் இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. ஒரு புருனே டாலருக்கு ஒரு சிங்கப்பூர் டாலர், கழிவு கிடையாது. கடையில் சிங்கப்பூர் நோட்டு கொடுத்தால் புருனே நோட்டு மீதி வரும். படகுக்காரருக்கும் இரவுச் சந்தைக்கும் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாசம் நல்லது?

மழைக்காட்டுக்குப் போகிறோம், மழையே வேண்டாம் என்றால் முடியாது. வருடம் முழுக்க சூடும் ஈரமும்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை மிக அதிகம், ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச் ஓரளவு காய்ந்திருக்கும். ஆனால் ரொம்பக் காய்ந்தால் ஆறு ஆழம் குறைந்து, நீங்களும் இறங்கிப் படகைத் தள்ள வேண்டிவரும். எனக்கு அப்படி ஒரு முறை நேர்ந்தது. முழங்கால் ஆழக் குளிர்ந்த நீரில் கூழாங்கல்லில் கால் வழுக்க வழுக்கத் தள்ளிய அந்த அரைமணி நேரம்தான் அந்தப் பயணத்தில் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. ரமலான் மாதம் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

ஊருக்குள்ள ஆட்டோ, பஸ் எல்லாம் உண்டா?

ஆட்டோ இல்லை. பேருந்து உண்டு, ஆனால் வழித்தடங்கள் குறைவு, மாலைக்குப் பிறகு கிடைக்காது. டாக்சியும் கொஞ்சம்தான். சிங்கப்பூர், மலேசியாவில் செயலி வழியே கார் அழைக்கிற கிராப் அங்கே ஓடாது. டார்ட் என்ற உள்ளூர்ச் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் வாடகைக் கார் நல்லது. நம்மைப்போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், பெட்ரோல் மிக மலிவு. நடுச்சாலையில் நடக்கிறவரைப் பார்த்தால் வண்டி நின்றுவிடும். ஊரிலிருந்து வந்த புதிதில் அதுவே நமக்குப் பழக நாளாகும்.

காடு காடுன்னு சொல்றீங்களே, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இல்லாதது அங்க என்ன இருக்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

தெம்புரோங்கின் தென்பாதியில் உலு தெம்புரோங் தேசியப் பூங்கா இருக்கிறது, சுமார் 50,000 ஹெக்டேர். மலாய் மொழியில் உலு என்றால் ஆற்றின் மேல்பகுதி. அங்கே மரம் வெட்டும் தொழில் ஒருபோதும் நுழைந்ததில்லை. பூங்காவுக்குச் சாலை இல்லை, ஆறுதான் பாதை. உயரமான மரங்கள் ஐம்பது மீட்டரைத் தாண்டும். அந்த மரங்களில் பெரும்பாலானவை நமக்கு அந்நியமும் இல்லை. நம் ஊர்க் குங்கிலிய மரம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். அங்கே அந்தக் குடும்பம்தான் காட்டையே ஆள்கிறது. பல வருடங்கள் பூக்காமல் இருந்துவிட்டு, ஏதோ ஒரு வருடம் எல்லாம் சேர்ந்தாற்போல் பூத்துக் காய்க்கும். இறக்கை வைத்த விதைகள் காற்றில் சுழன்று சுழன்று இறங்கும்.

இன்னொரு உறவும் இருக்கிறது, அது கற்பூரம். போர்னியோவிலும் சுமத்ராவிலும் வளரும் கபூர் என்ற மரத்திலிருந்துதான் பழங்காலத்தில் உயர்ந்த கற்பூரம் கிடைத்தது, 'போர்னியோ கற்பூரம்' என்றே வணிகத்தில் பெயர். புருனே அதை ஏற்றுமதி செய்து பேர் வாங்கிய நாடு. அந்த மரம் இன்றும் புருனேயின் காடுகளில் நிற்கிறது. கோயிலில் ஆரத்தி ஒற்றிக்கொள்ளும்போது வரும் வாசனையின் பழைய ஊர்களில் ஒன்றில் நிற்கிறோம் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அப்புறம் சின்ன உயிர்கள். பூங்கா ஓரமாக, பெலாலோங் ஆறு தெம்புரோங் ஆற்றோடு சேரும் இடத்துக்கு அருகில் புருனே பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு மையம் இருக்கிறது. 2018-ல் விஞ்ஞானிகள் அங்கிருந்து ஓர் எறும்பினத்தை உலகுக்கு அறிவித்தார்கள். எதிரி நெருங்கி வந்தால் வேலைக்கார எறும்பு தன் வயிற்றையே வெடிக்கவைத்து, மஞ்சள் நிறப் பசையை எதிரிமேல் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். மேற்குத் தொடர்ச்சி மலை எந்த விதத்திலும் குறைந்ததில்லை, எனக்கு அதுவும் உயிர். ஆனால் நம் காடுகளில் எஸ்டேட்டும் அணையும் சாலையும் இல்லாத ஒரு பெரும் பரப்பை நினைத்துப் பாருங்கள். அது எப்படி இருந்திருக்கும் என்பதை உலு தெம்புரோங்கில் பார்க்கலாம்.

எண்ணெய் பணக்கார நாடு காட்டை எப்படி விட்டு வச்சது?

எண்ணெய்ப் பணம் இருந்ததால்தான். அக்கம்பக்கத்தில் சரவாக், சபா, தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தான் எல்லாம் மரம் விற்றும் எண்ணெய்ப்பனை நட்டும் வருமானம் தேடின. புருனேவுக்கு அந்த வருமானம் தேவைப்படவில்லை. மரம் வெட்டுவதை உள்நாட்டுத் தேவையளவில் நிறுத்தியது. இன்று நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேல் காடு. 2007-ல் புருனே, மலேசியா, இந்தோனேசியா மூன்றும் சேர்ந்து தீவின் நடுக்காட்டைக் காப்பதாக 'போர்னியோவின் இதயம்' என்ற அறிவிப்பில் கையெழுத்திட்டன.

இதை நான் முழு வெற்றிக் கதையாகச் சொல்ல மாட்டேன். நிலத்தடி எண்ணெயை விற்றுத்தான் நிலத்துக்குமேல் உள்ள மரம் நிற்கிறது. எண்ணெய் தீரும் நாளில் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு உண்டு. காட்டைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தால் அது நிற்பதற்கு இன்னொரு காரணமும் சேரும். உங்களையெல்லாம் தெம்புரோங் போகச் சொல்லி நான் தொந்தரவு செய்வது அதனால்தான்.

சரி, அங்க போறது எப்படி? நாங்களே போய்க்கலாமா?

முன்பெல்லாம் தலைநகரிலிருந்து விரைவுப் படகில் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே, லிம்பாங் எல்லையைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். 2020 மார்ச்சில் புருனே விரிகுடாமேல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளப் பாலம் திறந்தார்கள். இப்போது பாஸ்போர்ட் காட்டாமலே காரில் பங்கார் என்ற சிற்றூருக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து பத்தாங் டூரி வரை சாலை. அதற்கு மேல் நீளமான மரப்படகு, அதை தெமுவாய் என்பார்கள். பெரும்பாலும் ஈபான் இனத்து ஆட்கள்தான் ஓட்டுவார்கள். முன்னால் ஒருவர் கழியால் பாறையைத் தள்ளிவிட, பின்னால் ஒருவர் மோட்டாரைப் பிடிக்க, அருவிபோலத் துள்ளும் தண்ணீரில் எதிர்த்து ஏறுவது தனிக் கலை.

வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. பங்கார் வரை நீங்களே போகலாம், பூங்காவுக்குள் போக ஏற்பாட்டாளர் மூலம் பதிவு செய்யுங்கள். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். மர உச்சி நடைபாதை திறந்திருக்கிறதா? ஆற்று நீரால் படகு ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா? என் நண்பர் ஒருவர் இரண்டாவதைக் கேட்காமல் போய் முழுப் பணத்தையும் இழந்தார்.

மர உச்சி நடைபாதைல அப்பா அம்மாவும் ஏற முடியுமா?

ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரப்படிகள் ஏறிய பிறகுதான் நடைபாதையின் அடிவாரமே வரும். அதன்பின் உலோகக் கோபுரத்தில் ஏணிபோலச் செங்குத்தாக ஏற வேண்டும். மேலே தரையிலிருந்து நாற்பது மீட்டருக்கு மேல் இருப்பீர்கள், பனிமூட்டம் கலையும் காலையில் காட்டின் கூரை அலை அலையாகத் தெரியும். பழனி மலைப் படியைச் சிரமமில்லாமல் ஏறி இறங்குகிறவர் என்றால் முடியும். முட்டி வலி, மூச்சுத் திணறல், உயரப் பயம் இருந்தால் வேண்டாம்.

என் அம்மா வந்தபோது நான் அவரை ஏற்றவில்லை. படகில் மட்டும் கூட்டிப்போனேன். நாங்கள் ஆற்றோரம் உட்கார்ந்து தண்ணீரில் கால் வைத்தோம், சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தின. குற்றாலத்தைவிடத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்றார். அதுவே அவருக்கு நிறைவான பயணமாக இருந்தது. மேலே ஏறாவிட்டால் காசு வீண் என்று நினைக்காதீர்கள்.

அட்டை, பாம்பு, மலேரியா எல்லாம் இருக்குமே?

அட்டை இருக்கும். தரையில் ஒரு வகை, இலையில் காத்திருக்கும் புலி அட்டை இன்னொரு வகை. புலி அட்டை கடிப்பது சுருக்கென்று தெரியும். வால்பாறையில் நடந்தவர்களுக்கு இது புதிதில்லை. நீளமான காலுறை போட்டு அதற்குள் கால்சட்டை நுனியைச் செருகிவிடுங்கள். பிடித்தால் நகத்தால் தள்ளிவிடுங்கள், அவ்வளவுதான். பாம்பு மனிதச் சத்தம் கேட்டால் ஒதுங்கிவிடும். பிடிமானத்துக்காகக் கொடியையோ கிளையையோ பார்க்காமல் பற்றாதீர்கள், அது போதும்.

மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் புருனேவுக்கு 1987-லேயே சான்று கொடுத்துவிட்டது. ஆனால் டெங்கு உண்டு, கொசு விரட்டி மறக்காதீர்கள்.

ஒராங்குட்டான் பாக்கலாமா?

அதற்கு சபாவுக்கோ சரவாக்குக்கோ போக வேண்டும். புருனேயில் பார்க்க வேண்டியது நீள்மூக்குக் குரங்கு. உலகில் போர்னியோவில் மட்டுமே இருக்கிறது. ஆண் குரங்குக்குத் தொங்கும் பெரிய மூக்கும் பானை வயிறும். இதற்குக் காட்டுக்குள்கூடப் போக வேண்டாம், தலைநகர்ப் படகுத்துறையிலிருந்து மாலை நாலரை, ஐந்து மணிக்குப் படகு பிடித்து அலையாத்திப் பக்கம் போனால் கிளைகளில் கூட்டமாக வந்து உட்காரும். படகுக்காரரிடம் மோட்டாரை அணைக்கச் சொல்லுங்கள். அந்த ஆற்றில் முதலை உண்டு, கையைத் தண்ணீரில் விடாதீர்கள்.

தெம்புரோங்கில் பெரிய விலங்குகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அடர்காட்டில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. விடியும்போது கிப்பன் குரங்குகளின் கூவல், தலைக்குமேல் இருவாச்சி பறக்கும் சிறகுச் சத்தம். இரவு தங்கச் சொன்னேனே, இதற்காகத்தான்.

தண்ணிமேல வீடு கட்டியிருக்காங்களாமே, அது டூரிஸ்ட்டுக்காகச் செஞ்சதா?

இல்லை. கம்போங் ஆயர் நூற்றாண்டுகளாக மக்கள் வாழும் ஊர். 1521-ல் மகெல்லனின் கப்பல் கூட்டத்தோடு வந்த பிகஃபெட்டா என்ற இத்தாலியர், உப்புநீரில் கட்டிய நகரம் இது, இருபத்தைந்தாயிரம் அடுப்புகள் எரிகின்றன என்று எழுதிவைத்தார். இன்று அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி கரைக்கு நகர்ந்துவிட்டது. ஆனாலும் தூண்களின்மேல் பள்ளிக்கூடம், மசூதி, தீயணைப்பு நிலையம், படகுக்குப் பெட்ரோல் பங்க் எல்லாம் உண்டு. கரையில் நின்று கையசைத்தால் படகு வரும். நான் இருந்தபோது அக்கரைக்கு ஒரு டாலர், ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலகைப் பாதைகளில் மெதுவாக நடங்கள். வீட்டு வாசலில் பூத்தொட்டி, பூனை, காயும் துணி எல்லாம் இருக்கும். யார் வீட்டுக்குள்ளும் போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். சிரித்துப் பேசினால் தேநீருக்கு அவர்களே அழைப்பார்கள்.

நாங்க சைவம். பட்டினி கிடக்கணுமா?

தலைநகரிலும் கடோங் பகுதியிலும் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. ரொட்டியும் பருப்பும் நிச்சயம் கிடைக்கும், சில இடங்களில் தோசையும் உண்டு. சிக்கல் மலாய்ச் சாப்பாட்டில்தான். வெறும் கீரை என்று கொடுப்பதிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். "சாயுர் சஹாஜா" (காய்கறி மட்டும்) என்று சொல்லி, பெலாச்சான் பெயரைச் சொல்லி வேண்டாம் என்று கையசைத்தாலே புரிந்துகொள்வார்கள். தெம்புரோங் போகும்போது ஏற்பாட்டாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பையில் கொஞ்சம் பழமும் வைத்துக்கொள்ளுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் நாசி காத்தோக் தேடுங்கள். சோறு, பொரித்த கோழி, காரச் சம்பல் பொட்டலம், ரொம்ப நாள் ஒரு டாலருக்கே விற்றது. அம்புயாட் தேசிய உணவு. சேகோ என்ற பனை வகையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவைக் கொதிநீரில் கிளறிய பசை. மூங்கில் கவட்டைக் குச்சியில் சுருட்டி, புளிப்பும் காரமுமான சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். அதற்கென்று தனி ருசி இல்லை, எல்லாம் அந்தச் சாற்றில்தான்.

சரக்கு கிடைக்காதாமே? கொண்டு போகலாமா?

நாட்டில் எங்கும் விற்பனை கிடையாது. முஸ்லிம் அல்லாத, 17 வயதைத் தாண்டிய பயணி இரண்டு பாட்டில் மதுவும் பன்னிரண்டு கேன் பீரும் கொண்டுவரலாம். சுங்கத்தில் படிவம் நிரப்பிக் காட்ட வேண்டும், தங்கும் இடத்தில் மறைவாகத்தான் குடிக்க வேண்டும். முஸ்லிமுக்கு ஊற்றிக் கொடுப்பது குற்றம். சிகரெட்டுக்குச் சலுகையே இல்லை, எவ்வளவு கொண்டுவந்தாலும் சொல்லி வரி கட்டுங்கள். என் கருத்து கேட்டால், மூன்று நாள்தானே, இரண்டையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வெள்ளிக்கிழமை எல்லாம் மூடிடுவாங்களா? ரமலான் மாசம் போகலாமா?

வெள்ளி மதியம் 12 முதல் 2 வரை தொழுகைக்காகக் கடை, உணவகம் எல்லாம் மூடியிருக்கும். அரசு அலுவலகத்துக்கு விடுமுறை வெள்ளியும் ஞாயிறும். வெள்ளியன்று பதினொன்றரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

ரமலானில் பகலில் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் வாங்கி அறையில் சாப்பிடலாம். பொதுவிடத்தில் சாப்பிடுவதும் குடிப்பதும் புகைப்பதும் எல்லாருக்கும் குற்றம். தண்ணீர் பாட்டிலுக்கும் அதே விதி. குழந்தைகளோடு வருகிறவர்கள் வேறு மாதம் பாருங்கள். மற்றவர்களுக்கு மாலைச் சந்தைகள் அருமையாக இருக்கும்.

மசூதிக்குள்ள எங்களை விடுவாங்களா?

தொழுகை இல்லாத நேரத்தில் விடுவார்கள். வியாழன், வெள்ளியைத் தவிர்த்துவிடுங்கள். காலணியைக் கழற்ற வேண்டும், பெண்களுக்கு மேலங்கி அங்கேயே தருவார்கள். 1958-ல் கட்டிய ஒமர் அலி சைஃபுத்தீன் மசூதியைச் சூரியன் மறையும்போது பாருங்கள், குளத்தில் தங்கக் குவிமாடத்தின் நிழல் விழும். 1994-ல் கட்டிய ஜாமி அஸ்ர் மசூதியில் தங்கக் குவிமாடங்கள் 29, இப்போதைய சுல்தான் வம்சத்தில் 29-வது என்பதால்.

ஷரியா சட்டம் கொண்டு வந்துட்டாங்களே, எங்களுக்கும் பொருந்துமா?

சில பிரிவுகள் பொருந்தும். அந்தச் சட்டம் 2019 ஏப்ரல் 3 அன்று முழுமையாக அமலுக்கு வந்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததும், மரண தண்டனையை நிறைவேற்றாத பழைய வழக்கம் இதற்கும் தொடரும் என்று மே மாதம் சுல்தான் அறிவித்தார். சட்டம் நீக்கப்படவில்லை. ஒரே பாலினத்தவர் உறவு அங்கே குற்றம், அந்தப் பயணிகள் இதை அறிந்து முடிவெடுக்க வேண்டும். இந்தச் சட்டம் எனக்கு உடன்பாடில்லை, அதை மறைக்கவும் விரும்பவில்லை.

மற்றபடி பயணி கவனிக்க வேண்டியவை: மேலே மது, ரமலான் பற்றிச் சொன்னவை. தங்களுக்குள் திருமணமாகாத ஆணும் பெண்ணும், அவர்களில் ஒருவராவது முஸ்லிம் என்றால், தனியறையில் இருப்பது. சுல்தானையோ மதத்தையோ பொதுவில் தாக்கிப் பேசுவது. போதைப்பொருளுக்குத் தண்டனை மிகக் கடுமை. மருந்து மாத்திரைக்கு மருத்துவர் சீட்டைக் கையில் வையுங்கள்.

விபூதி, பொட்டு வச்சுக்கலாமா? கோயில் உண்டா?

வைத்துக்கொள்ளலாம், யாரும் எதுவும் சொன்னதில்லை. அறையில் கும்பிடுவதும் உங்கள் விருப்பம். பிற மதத்தைப் பரப்புவதுதான் குற்றம், அதனால் புத்தகம், பிரசுரம் விநியோகிப்பதெல்லாம் வேண்டாம். பொதுமக்களுக்கான நம் கோயில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். செரியாவில் கூர்க்கா படை முகாமுக்குள் ஒன்று இருக்கிறது, அது ராணுவ இடம்.

சுல்தானைப் பாக்க முடியுமா?

நோன்புப் பெருநாளை ஒட்டி மூன்று நாள் அரண்மனை எல்லாருக்கும் திறந்திருக்கும். 1,788 அறைகள் கொண்ட இஸ்தானா நூருல் இமான் அது. வெளிநாட்டவரும் வரிசையில் நிற்கலாம். முதலில் சாப்பாடு, பிறகு ஆண்கள் சுல்தானிடமும் பெண்கள் அரசியிடமும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வார்கள். மஞ்சள் அரச நிறம், அன்று மட்டும் மஞ்சள் உடுத்தாதீர்கள். சாதாரண நாட்களில் மற்றவர்களிடம் பழகும்போது எதிர்ப்பாலினத்தவரிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள். எதையாவது சுட்டிக் காட்ட விரல் வேண்டாம், வலது கைக் கட்டைவிரல்.

தமிழ் ஆளுங்க இருக்காங்களா?

இருக்கிறார்கள். துணிக்கடை, உணவகம், கட்டடவேலை, ஆசிரியர், மருத்துவர் என்று பல வேலைகளில். ஆங்கிலமே எங்கும் போதும். மலாய் மொழியைக் காது கொடுத்துக் கேளுங்கள், கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'கப்பால்', கறிக்கு 'காரி'. எல்லாம் நம் வணிகர்கள் கடல் கடந்து விட்டுவந்தவை. இன்னொரு தொடர்பும் உண்டு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவும் ராக்கெட்டுகளைப் பின்தொடர இஸ்ரோவின் நிலையம் ஒன்று புருனேயில் இயங்குகிறது.

காட்டுல இருந்து ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துட்டு வரலாமா?

கூடாது. ஆர்க்கிட், விதை, வண்டு எதுவும் வேண்டாம். அகில் கட்டை என்று யாராவது விற்றாலும் வாங்காதீர்கள், அதன் வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது, உரிய அனுமதி இல்லாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வழிகாட்டியிடம் கபூர் மரம் எது என்று கேளுங்கள். கீழே விழுந்த இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, அதையும் அங்கேயே போட்டுவிடுங்கள்.